ஓடுவதும் ‘ஃபாஸ்ட்’, அசையாமல் கிடப்பதும் ‘ஃபாஸ்ட்’: இது ஒரே சொல்லா?

‘ஃபாஸ்ட் டிரெயின்’ என்றால் வேகமாக ஓடும் ரயில். ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் அசைவில்லாத ஆழ்ந்த தூக்கம். ‘ஃபாஸ்டிங்’ என்றால் சாப்பிடாமல் இருப்பது. இவை மூன்றும் ஒரே சொல்லா, இல்லை தற்செயலாக ஒரே எழுத்துக்கூட்டல் அமைந்துவிட்ட மூன்று சொற்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாக இது அகராதி பார்த்து முடிக்கக்கூடிய கேள்வி. அடியில் இருப்பது அதைவிடச் சுவையானது: ஒரு சொல் தனக்கே எதிரான பொருளை எப்படி ஏற்றுக்கொள்கிறது, ஏற்றுக்கொண்ட பிறகு பழைய பொருளையும் விடாமல் எப்படி வைத்திருக்கிறது? அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. அதில் யாருக்கும் ஐயம் இல்லை. ‘இறுக்கம்’ என்ற பொருள் எந்த வழியாக ‘வேகம்’ ஆனது என்பதில்தான் அறிஞர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் தருகிறார்கள். நான் கல்லூரியில் ஆங்கில மொழி வரலாறு நடத்தியவன். பழைய ஆங்கிலம் தட்டுத்தடுமாறாமல் படிப்பேன். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழிக்கு எனக்கு அகராதி பக்கத்தில் வேண்டும். அதனால் அந்த மொழி குறுக்கிடும் இடத்தில் அகராதிக்காரர்களின் வார்த்தையை நம்பித்தான் பேசுகிறேன் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தச் சொல் ஏறக்குறைய ‘ஃபேஸ்ட்’ என்று ஒலித்தது. உறுதியாகப் பொருத்தப்பட்டது, அசையாதது, பிடி தளராதது என்பதுதான் அதன் பொருள். ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் ஓர் இடம் உண்டு. கிரெண்டல் என்ற அரக்கனும் வீரன் பேவுல்ஃபும் அரண்மனைக் கூடத்துக்குள் கட்டிப் புரண்டு சண்டை போடுகிறார்கள். பெஞ்சுகள் பிய்த்துக்கொண்டு போகின்றன. கூடம் இடிந்து விழாதது எப்படி என்று கவிஞரே வியந்துவிட்டு, உள்ளும் புறமும் இரும்புப் பட்டைகளால் அவ்வளவு ‘ஃபேஸ்டெ’யாகப் பிணைத்திருந்தார்கள் என்று காரணம் சொல்கிறார். இந்தச் சொல்லின் பிறவிக் குணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வரி எனக்குத் தெரியாது. இரும்புப் பட்டை அடித்து இறுக்கிய நிலை, அதுதான் ஃபாஸ்ட்.

அந்தக் காலத்தில் இதை மற்ற சொற்களின் வாலில் ஒட்டவைத்துப் புதுச் சொற்கள் செய்தார்கள். நின்ற இடத்தில் உறுதியாக நிற்பவன் ‘ஸ்டெட்ஃபாஸ்ட்’. இது இன்றும் வழக்கில் இருக்கிறது. உண்மையில் உறுதியானவன் ‘சோத்ஃபாஸ்ட்’, இது செத்துவிட்டது. வெட்கத்தால் கட்டுண்டவன் ‘ஷேம்ஃபாஸ்ட்’. இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஒரு வேடிக்கை நடந்தது. 16ஆம் நூற்றாண்டு வாக்கில் மக்களுக்கு அந்த ‘ஃபாஸ்ட்’ என்ன பொருளில் அங்கே நிற்கிறது என்பது மறந்துபோயிற்று. வெட்கம் முகத்தில்தானே தெரியும் என்று நினைத்து அதை ‘ஷேம்ஃபேஸ்ட்’, அதாவது வெட்கம் முகத்தில் எழுதியவன், என்று மாற்றிவிட்டார்கள். இன்றைய அகராதியில் இருப்பது அந்த மாற்றிய வடிவம்தான். கோட்டைக்கும் இதே வேரிலிருந்து ஒரு பெயர் உண்டு. மலைக்கோட்டை போன்ற எட்டமுடியாத அரணை ‘ஃபாஸ்ட்னஸ்’ என்று இன்றும் எழுத்தில் காணலாம். சீட் பெல்ட்டைப் போடச் சொல்லும் ‘ஃபாசன்’ என்ற வினையும் இந்தக் குடும்பம்தான். அதில் ‘டி’ எழுத்து ஒலிக்காததால் உறவு காதுக்குத் தெரிவதில்லை, கண்ணுக்குத் தெரியும்.

பழைய பொருள் செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். செத்ததென்னவோ வீட்டுப் பேச்சில்தான். தொழில் செய்யும் இடங்களில் அது நன்றாகவே உயிரோடு இருக்கிறது. திருப்பூரில் சாயப்பட்டறைக்காரர் யாரிடமாவது ‘ஃபாஸ்ட்னஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். அவருக்கு வேகம் நினைவுக்கு வராது. சாயம் துணியைவிட்டுப் போகாமல் இருக்கிறதா என்ற சோதனைதான் நினைவுக்கு வரும். துவைத்தால் போகிறதா, தேய்த்தால் போகிறதா, வெயிலில் வெளுக்கிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பார்கள். துவைப்பு உறுதிக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண், வெயில் உறுதிக்கு 1 முதல் 8 வரை. எண் கூடினால் சாயம் கெட்டி. இதற்கு நேர் எதிராக, சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி விற்ற துணியும் நம் பக்கத்துத் துணிதான். 1960களை ஒட்டி அமெரிக்காவில் ‘மெட்ராஸ்’ கட்டம்போட்ட பருத்திச் சட்டையை, சாயம் போகும் என்று உத்தரவாதம் கொடுத்தே விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு துவைப்பிலும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து புதுத் தோற்றம் தரும் என்பது விற்பனைத் தந்திரம். ஃபாஸ்ட் இல்லாத கலருக்குக் கூடுதல் காசு!

கப்பல்காரர்களிடம் போனால், வடத்தை இழுத்துக் கட்டி முடிப்பதற்கு ‘மேக் ஃபாஸ்ட்’ என்பார்கள். கப்பல் தரைதட்டி அசையாமல் மாட்டிக்கொண்டால் ‘ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட்’. நாம் அலுவலகத்தில் ‘அப்படி ஹார்ட் அண்ட் ஃபாஸ்ட் ரூல் எல்லாம் ஒன்றும் இல்லை’ என்று சொல்கிறோமே, அது தரைதட்டிய கப்பல்தான். வேகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. துருவப் பகுதியில் வேலை செய்பவர்கள் கடல் பனியை இரண்டாகப் பிரிப்பார்கள். காற்றும் நீரோட்டமும் இழுக்கும் திசையில் மிதந்து போவது ஒரு வகை. கரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பது இன்னொரு வகை. அதற்குப் பெயர் ‘ஃபாஸ்ட் ஐஸ்’. எம்பரர் பெங்குயின்கள் பெரும்பாலும் இந்த நகராத பனியின் மேல்தான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. பெயரை மட்டும் பார்த்து வேகமாக நகரும் பனி என்று மொழிபெயர்த்தால் கதை கந்தல்.

‘ஃபாஸ்ட் அண்ட் லூஸ்’ என்ற தொடரைப் பற்றியும் ஒரு வரி. சந்தையில் நடந்த ஒரு சூதாட்டம் அது. ஆட்டத்தை நடத்துபவன் ஒரு தோல்பட்டையைச் சுருட்டி மேசைமேல் வைப்பான். நடுவில் தெரியும் சுழிக்குள் நீங்கள் குச்சியைக் குத்த வேண்டும். பட்டை குச்சியில் மாட்டிக்கொண்டது, அதாவது ஃபாஸ்ட் ஆகிவிட்டது என்று நீங்கள் பந்தயம் கட்டுவீர்கள். அவன் இரு நுனியையும் பிடித்து இழுப்பான். பட்டை கழன்று கையோடு வந்துவிடும். ஷேக்ஸ்பியரின் ஆன்டனி, கிளியோபாட்ரா தன்னை ஏமாற்றிவிட்டாள் என்று குமுறும்போது இந்த ஆட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறான். ஒருவர் வாக்குமாறி நடந்தால் இன்றைக்கும் ஆங்கிலத்தில் அதே தொடர்.

இப்போது ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’. படுத்தவுடன் வேகமாகத் தூங்கிவிடுவதால் இந்தப் பெயர் என்று ஒரு விளக்கம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தவறு. தூக்கத்தின் பிடியில் இறுகிக் கிடக்கிறான் என்பதுதான் பொருள். 1611இல் வந்த ஆங்கில பைபிளில், புயலில் கப்பல் தத்தளிக்கும்போது யோனா கீழ்த்தட்டில் தூங்குவதைச் சொல்ல இதே தொடர்தான் இருக்கிறது. அவன் எவ்வளவு சீக்கிரம் தூங்கினான் என்பதா அங்கே முக்கியம்? அவ்வளவு ஆட்டத்திலும் எழவில்லை என்பதுதானே!

பழைய பொருளும் புதுப் பொருளும் சண்டையில்லாமல் ஒரே வீட்டில் குடியிருந்ததற்கு நான் வகுப்பில் காட்டும் சான்று ‘ரோமியோ ஜூலியட்’. இரண்டாம் அங்கத்தில் அவசரப்படும் ரோமியோவிடம் பாதிரியார், வேகமாக ஓடுபவர்கள் தடுக்கி விழுவார்கள் என்கிறார். அங்கே ‘ஃபாஸ்ட்’ என்றால் வேகம். நான்காம் அங்கத்தில் ஜூலியட்டை எழுப்ப வரும் செவிலி, பெண் அசையாமல் கிடப்பதைப் பார்த்து ‘ஃபாஸ்ட்’ என்று ஒற்றைச் சொல்லில் சொல்கிறாள். நன்றாகத் தூங்குகிறாள் போல என்பது அவள் எண்ணம். ஒரே நாடகம், ஒரே எழுத்தாளர், இரண்டு பொருள். அன்றைக்குக் கொட்டகையில் இருந்த ரசிகருக்கு எந்தக் குழப்பமும் வந்திருக்காது. நமக்குத்தான் இது முரண்பாடாகப் படுகிறது.

சரி, இறுக்கம் எப்படி வேகமானது? இங்கே பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, ‘அசையாத’ என்ற பெயரடையிலிருந்து ‘வேகமான’ என்ற பெயரடைக்கு நேராகத் தாவப் பார்ப்பது. அப்படித் தாவ முடியாது. பாலம் வினையடை. அசையாத கதவு என்பதை விட்டுவிட்டு, ‘ஃபாஸ்டாகப் பிடி’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடி என்று அர்த்தம். பிடிப்பதில் இறுக்கம் என்றால் அதில் பலம் இருக்கிறது. அடுத்து ‘ஃபாஸ்டாக அடி’, ‘ஃபாஸ்டாகச் சண்டை போடு’. இங்கே ஒட்டிக்கொள்வது என்ற எண்ணம் தேய்ந்து, முழு பலத்தோடு, விடாமல் என்ற எண்ணம் மேலே வருகிறது. இப்போது அதே அடையை ஓடுவது என்ற வினைக்கு முன்னால் வையுங்கள். முழு பலத்தோடு, விடாமல் ஓடுகிறவன் எப்படி ஓடுவான்? வேகமாகத்தான் ஓடுவான். சொல்பவர் பலத்தை நினைத்துச் சொல்லியிருப்பார். கேட்டவர் வேகம் என்று எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டும் அந்த வாக்கியத்துக்குப் பொருந்தும். இப்படி இரண்டு பொருளும் பொருந்துகிற வாக்கியங்களில்தான் சொற்கள் சத்தமில்லாமல் கட்சி மாறுகின்றன.

காலவரிசையும் இதற்கு ஒத்துவருகிறது. வினையடையாக ‘வேகமாக’ என்ற பொருள் ஏறக்குறைய 1200 வாக்கிலேயே உறுதியாகக் கிடைக்கிறது. ‘வேகமான’ என்ற பெயரடை 16ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் தலைகாட்டுகிறது. கிட்டத்தட்ட முந்நூற்றைம்பது வருட இடைவெளி. அதாவது வேகமாக ஓடும் குதிரையை ‘ஃபாஸ்டாக ஓடுகிறது’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்களே தவிர, ‘ஃபாஸ்ட் குதிரை’ என்று சொல்லவில்லை. அந்தக் காலத்தில் ஃபாஸ்ட் குதிரை என்றால் கட்டிப்போட்ட குதிரை என்று புரிந்துகொண்டிருப்பார்கள். பழைய ஆங்கிலத்தில் வினையடைக்கு ஒரு ‘எ’ விகுதி இருந்தது. ‘ஃபேஸ்ட்’ பெயரடை, ‘ஃபேஸ்டெ’ வினையடை. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் அந்தக் கடைசி உயிர் தேய்ந்து மறைந்ததால் இரண்டும் ஒரே வடிவம் ஆகிவிட்டன. வேலி விழுந்த பிறகு வினையடையின் புதுப்பொருள் பெயரடைக்குள் வந்து சேர்ந்தது. இந்தக் காலவரிசையும் வடிவ மாற்றமும் உறுதியான பகுதி.

ஐயமான பகுதி இனிமேல். பலம்தான் பாலம் என்று நான் சொன்னதற்குப் போட்டியாக இன்னொரு விளக்கம் உண்டு: நெருக்கம்தான் பாலம். ‘ஃபாஸ்ட் பை’ என்றால் ஒட்டி, பக்கத்தில் என்று பொருள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் ‘கேன்டர்பரி கதைகள்’ முன்னுரையில், யாத்ரீகர்கள் தங்கிய டாபர்ட் விடுதி ‘பெல்’ என்ற இடத்துக்கு ‘ஃபாஸ்டெ பை’ இருந்தது என்கிறார். கவிஞர் மில்டன் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காவியத்தின் தொடக்கத்தில் சீலோவாம் ஓடை கடவுளின் ஆலயத்தை ஒட்டி ஓடுவதையும் இப்படித்தான் சொல்கிறார். ஆங்கில பைபிளில் போவாஸ் ரூத்திடம், என் வேலைக்காரப் பெண்களை ஒட்டியே இரு என்று சொல்லும் இடத்திலும் இதுவேதான். இந்த விளக்கத்தின்படி, ஒருவனை ஒட்டியே துரத்திப் போவது என்றால் அவனுக்குச் சமமாக ஓட வேண்டும்; ஆக ஒட்டிப்போவது வேகமாகப் போவதாக ஆனது. கேட்க நன்றாக இருக்கிறது. இரண்டு விளக்கங்களும் அகராதிகளில் இடம்பெறுகின்றன. வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபோது அவர்கள் மொழியில் இருந்த இதே சொல்லின் வழக்கு ஆங்கிலச் சொல்லை வேகம் என்ற பொருளின் பக்கம் தள்ளியது என்ற கருத்தும் வலுவாக இருக்கிறது. அவர்கள் குடிப்பதைக்கூட ‘ஃபாஸ்டாக’க் குடித்தார்கள், நிறைய, விடாமல் என்று பொருள். என் சாய்வு பலம் என்ற விளக்கத்தின் பக்கம். நெருக்கம் அதற்குத் துணை நின்றிருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

என் சாய்வுக்குக் காரணம் ‘ஹார்ட்’ என்ற இன்னொரு ஆங்கிலச் சொல். அதற்கும் அடிப்படைப் பொருள் கெட்டியானது. வினையடையாக வந்தால் பலத்தோடு. ‘ரன் ஹார்ட்’ என்றால் மூச்சைப் பிடித்து ஓடு. ‘ஹார்ட் பை’ என்றால் பக்கத்தில். கெட்டி, பலம், ஓட்டம், நெருக்கம் என்று ஃபாஸ்ட் போன அதே தெருவில்தான் இதுவும் போயிருக்கிறது. ‘வேகமான’ என்ற கடைசி வீட்டு வாசல் வரை போய்விட்டு உள்ளே நுழையாமல் நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஜெர்மனிலும் ஓர் ஒற்றுமை. லத்தீனில் ‘பொருத்தப்பட்டது’ என்ற சொல்லிலிருந்து வந்த ‘ஃபிக்ஸ்’, ஜெர்மன் பேச்சில் சுறுசுறுப்பான, வேகமான என்றும் பொருள் தருகிறது. நம் ஃபாஸ்டின் ஜெர்மன் உறவுக்காரச் சொல் ‘ஃபெஸ்ட்’ உறுதியாகவே நின்றுவிட்டது. ஆனால் அதே வேரின் வினையடை ‘ஃபஸ்ட்’ அங்கே ‘கிட்டத்தட்ட’ என்று ஆகிவிட்டது! உறுதியாக, நெருங்கி, அப்புறம் கிட்டத்தட்ட. ஜெர்மன் படிக்கத் தொடங்கும் நம் ஆட்கள் இதில் தடுக்கி விழாமல் போவது அபூர்வம்.

தமிழருக்கு இது புதுச் செய்தியாகவே இருக்கக்கூடாது. ‘கடு’ என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறதே. கடுங்காவல் என்றால் ஆளை அசையவிடாத சிறை. ‘கடுந்தேர் குழித்த ஞெள்ளல்’ என்று புறநானூற்றின் 15ஆம் பாட்டு தொடங்குகிறது. அங்கே கடுந்தேர் என்றால் விரைந்து ஓடித் தெருவைக் குழியாக்கிய தேர். கடுகி வந்தான், கடிது சென்றான் என்றால் விரைந்து வந்தான், விரைந்து சென்றான். தொல்காப்பிய உரியியல் ‘கடி’ என்ற உரிச்சொல்லுக்குப் பத்துப் பொருள் கொடுக்கிறது: ‘வரைவே கூர்மை காப்பே புதுமை விரைவே விளக்கம் மிகுதி சிறப்பே அச்சம் முன்தேற்று’ என்பது பட்டியல். காப்பும் அதில் இருக்கிறது, விரைவும் இருக்கிறது. தொல்காப்பியர் பட்டியல்தான் தருகிறார், எதிலிருந்து எது வந்தது என்று சொல்லவில்லை. அதனால் ஆங்கிலச் சொல்லின் கதையை அப்படியே இதன்மேல் ஏற்றக்கூடாது. தாலி கட்டும் நேரத்தில் ‘கெட்டிமேளம்’ என்று குரல் எழுந்ததும் தவில்காரர் என்ன செய்கிறார் என்பதையும் யோசித்துப் பாருங்கள். ‘கெட்டி’ என்று கேட்டதும் அவர் கை வேகம் எடுக்கிறது. பலமும் வேகமும் ஒன்றுக்கொன்று அடுத்த வீட்டுக்காரர்கள் என்பதற்கு வேறு மொழிக்குப் போக வேண்டியதில்லை.

உண்ணாநோன்புக்கு வருவோம். இதன் பாதை மிகத் தெளிவு. வேரின் பொருள் இறுக்கிப் பிடித்தல். அதிலிருந்து காத்தல், கடைப்பிடித்தல். நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர் பைபிளை காத் மொழியில் பெயர்த்தார். ஆங்கிலத்தின் உறவு மொழிகளில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பெரிய நூல் அது. அதில் ‘ஃபஸ்தன்’ என்ற ஒரே வினை, கட்டளைகளைக் கைக்கொள்வதற்கும் வருகிறது, உண்ணாமல் இருப்பதற்கும் வருகிறது. விதியை விடாமல் பிடித்துக்கொள்வது, குறிப்பாகச் சாப்பாட்டு விதியை. தமிழ் முஸ்லிம்கள் ‘நோன்பு பிடிக்கிறோம்’ என்பார்கள். இலங்கைத் தமிழர் ‘விரதம் பிடிக்கிறோம்’ என்பார்கள். காத் மொழிக்காரர் நினைத்த மாதிரியேதான் இவர்களும் நினைத்திருக்கிறார்கள். காலையில் அந்தப் பிடியை விடுவதுதான் ‘பிரேக்ஃபாஸ்ட்’. 15ஆம் நூற்றாண்டிலிருந்து எழுத்தில் இருக்கிறது. அவசரமாக அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடுகிற சாப்பாடு என்பதால் வந்த பெயர் அல்ல. ‘டின்னர்’ என்ற சொல்லையும் தோண்டிப் பார்த்தால் அடியில் ‘நோன்பை முறித்தல்’ என்ற லத்தீன் தொடர்தான் இருக்கிறது. பிரெஞ்சு வழியாக வந்ததில் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. நாளின் முதல் சாப்பாட்டுக்கு வைத்த பெயர் நகர்ந்து நகர்ந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இன்னும் பின்னால் போகலாமா? போகலாம், ஆனால் தரை வழுக்கும். ஆங்கிலக் குடும்ப மொழிகளில் சொல்லின் முதலில் வரும் ‘ஃப’, சமஸ்கிருதத்திலும் லத்தீனிலும் ‘ப’வாக இருக்கும் என்பது நிலைநாட்டப்பட்ட விதி. பிதா, ஃபாதர், பாதம், ஃபுட். அந்த விதிப்படி ஃபாஸ்டுக்கு உறவாக, ரிக்வேதத்தில் வரும் ‘பஸ்த்ய’ என்ற வீட்டைக் குறிக்கும் சொல்லைச் சிலர் காட்டுகிறார்கள். உறுதியாக ஊன்றிய இடம், அதனால் வீடு என்பது வாதம். ஒலி பொருந்துகிறது, பொருளும் ஓரளவு பொருந்துகிறது. ஆனால் எல்லா அறிஞரும் இதை ஏற்கவில்லை. ஃபாஸ்ட் என்பதே சமஸ்கிருதத்திலிருந்து வந்ததுதான் என்று யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். உறவு என்பதே நிரூபணம் ஆகவில்லை. பிறப்பு என்பது பேச்சுக்கே இடமில்லாதது.

எதிர்ப்பொருள் கொண்ட சொற்கள் எல்லாமே இப்படி ஒரே வேரிலிருந்து வந்தவை என்று முடிவுகட்டவும் வேண்டாம். ‘கிளீவ்’ என்றால் பிளப்பது, ‘கிளீவ்’ என்றால் ஒட்டிக்கொள்வது. அவை உண்மையிலேயே இரண்டு தனிச் சொற்கள். பழைய ஆங்கிலத்தில் வடிவமும் வேறு. காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒன்றின்மேல் ஒன்று வந்து விழுந்தன. அனுமதிப்பதைக் குறிக்கும் ‘லெட்’டும் அப்படித்தான். தடுப்பதைக் குறித்த இன்னொரு ‘லெட்’ ஒரு காலத்தில் இருந்தது. டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையில் பட்டுப் போகும்போது நடுவர் சொல்லும் ‘லெட்’ அந்தத் தடையின் மிச்சம் என்று கொள்வார்கள். ஆனால் ‘போல்ட்’ நம் ஃபாஸ்டைப் போன்றது. முதலில் அது அம்பு. அம்பு வடிவக் கம்பி என்பதால் தாழ்ப்பாள். அம்பு போலப் பாய்வதால் ஓட்டம். கதவைச் சாத்தவும் அதே சொல், கதவு திறந்ததும் ஓடவும் அதே சொல். எது எந்த வகை என்பதைப் பழைய வடிவங்களைப் பார்க்காமல் ஊகிக்க முடியாது.

வேகம் என்ற பொருள் நிலைத்த பிறகு கிளைகள் சரசரவென்று வளர்ந்தன. கடிகாரம் ஐந்து நிமிடம் ஃபாஸ்ட் என்கிறோம். அது வேகமாக ஓடுகிறது என்பதைவிட முன்னால் இருக்கிறது என்பதுதான் அங்கே பொருள். 18ஆம் நூற்றாண்டில் கட்டுப்பாடில்லாத வாழ்க்கையை ஃபாஸ்ட் என்றார்கள். அடுத்த நூற்றாண்டில் பெண்களைத் தூற்றவும் அதையே எடுத்துக்கொண்டார்கள். குறைந்த வெளிச்சத்திலும் சீக்கிரம் படம் பதிவதால் கேமராக்காரர்களுக்கு ‘ஃபாஸ்ட் லென்ஸ்’. இவற்றில் புதிர் ஒன்றும் இல்லை. இதற்கிடையே வேகத்தைக் குறிக்கும் இன்னொரு சொல்லான ‘குவிக்’ எங்கிருந்து வந்தது தெரியுமா? அதன் பழைய பொருள் உயிருள்ளது. தேவாலயத்தில் ‘உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க’ என்று சொல்லும் விசுவாசப் பிரமாணத்தின் பழைய ஆங்கில வடிவத்தில் உயிருள்ளோருக்கு நிற்கும் சொல் அதுதான். பாதரசத்துக்கு ‘குவிக்சில்வர்’ என்ற பெயரும் அதனால்தான், உயிருள்ள வெள்ளி. இறுகியதிலிருந்து ஒன்று, உயிரிலிருந்து ஒன்று என்று ஆங்கிலம் வேகத்துக்கான சொற்களை வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த இடங்களிலிருந்துதான் பிடித்து வந்திருக்கிறது.

படிக்கும்போது எந்தப் பொருள் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலும் சூழலே சொல்லிவிடும். சிக்கல் வருவது ஒன்றிரண்டு தொடர்களில்தான். ஒரு கதையில் இருவர் ‘ஃபாஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்’ ஆனார்கள் என்று வந்தால், சீக்கிரம் நண்பர்களானார்கள் என்று நம் மாணவர்கள் எழுதுவார்கள். இணைபிரியாத நண்பர்களானார்கள் என்பதே சரி. இன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களிலேயே சிலர் இதை ‘சீக்கிரம்’ என்று எடுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். அது பெருகினால் ஒருநாள் அகராதியும் அந்தப் பொருளைச் சேர்க்கும். ஷேம்ஃபாஸ்டுக்கு நடந்தது இதற்கு நடக்காது என்று யார் சொல்ல முடியும்?

இதோடு ஒட்டிய ஒன்று, நம் ஊரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எல்லோருக்கும் பழக்கமானது. ‘ஃபாஸ்ட்லி’ என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். ‘ஸ்லோ’வுக்கு ‘ஸ்லோலி’ இருக்கும்போது இதற்கு ஏன் இல்லை என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. காரணம் மேலே சொன்ன அந்தத் தேய்ந்துபோன ‘எ’ விகுதிதான். ‘லி’ ஒட்டாமலே அது வினையடையாக இருந்தது, அப்படியே நின்றுவிட்டது. ‘ஹார்ட்’, ‘லேட்’ போன்றவையும் அப்படி நின்றவைதான். அவற்றோடு ‘லி’ சேர்த்தால் பொருளே மாறிவிடும். ஆனால் ‘ஃபாஸ்ட்லி’ என்பது ஆங்கிலத்தில் இல்லவே இல்லாத சொல் என்று சொல்லும் ஆசிரியரோடு நான் உடன்பட மாட்டேன். 1609இல் ஷேக்ஸ்பியரின் சானெட்டுகளோடு சேர்ந்து அச்சான ‘எ லவர்ஸ் கம்ப்ளெயின்ட்’ என்ற கவிதையில், அழுதுகொண்டிருக்கும் பெண்ணை நோக்கி ஒரு முதியவர் ‘ஃபாஸ்ட்லி’ வருகிறார். விரைந்து வந்தார் என்றும் படிக்கலாம், நெருங்கி வந்தார் என்றும் படிக்கலாம். இரண்டும் அந்த வரிக்குப் பொருந்துகின்றன. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். பரீட்சையில் மட்டும் எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். திருத்துபவர் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்.